ஒரே பாடம், மூன்று நிலைகள்: பல நிலை மாணவர்கள் உள்ள தொடக்கப்பள்ளி வகுப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

நான்காம் வகுப்பில் 32 பிள்ளைகள் இருந்தால், சிலர் கதைப் புத்தகத்தைத் தாங்களாகவே எடுத்துப் படிப்பார்கள். சிலர் ‘கெ’ எது, ‘கே’ எது என்று இன்னும் திண்டாடுவார்கள். ஒருவர் கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். ஒருவர் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசுவார். பாடக்குறிப்பில் மட்டும் எல்லாரும் ஒரே பக்கத்தில் இருப்பார்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு குழந்தையும், பாடத்தைச் சிறு படிகளாக அடுக்கிய ஏணிப்படியில் தன் இடத்திலிருந்து பயிற்சி அட்டை எடுத்துப் படித்தது. 2022-23-இல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை வந்து, அடுத்த ஆண்டு 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் விரிந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (முன்னேறிய நிலை) என்று மூன்று நிலைகளில் பார்க்கிறது. பழகிய பெயர்கள் என்பதால் இங்கேயும் அவற்றையே பயன்படுத்துகிறோம். பள்ளி எதுவானாலும், பாடத்திட்டம் எதுவானாலும் முறை ஒன்றுதான்.

வகுப்பில் உண்மையான தட்டுப்பாடு அட்டைக்கும் பயிற்சித்தாளுக்கும் அல்ல, ஆசிரியரின் நிமிடங்களுக்குத்தான். 32 பிள்ளைகளுக்கு 32 பாடக்குறிப்பு எழுதப் போனால் இரண்டாம் வாரமே கைவிட வேண்டியிருக்கும். இலக்கு எல்லாருக்கும் ஒன்று, போகும் வழி மூன்று என்று வைத்துக்கொண்டு, எந்த நிமிடத்தில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். முதல் மாதம் ஒரு பாடம், நாளுக்கு ஒரு பாடவேளை போதும்.

முதல் படி: யார் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பது

சென்ற ஆண்டு மதிப்பெண் இதற்கு உதவாது. 100-க்கு 45 என்றால் வாசிக்கத் தெரியவில்லையா, வாசித்தது புரியவில்லையா, எழுத நேரம் போதவில்லையா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு குழந்தையையும் தனியாக அழைத்து 3 நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். 32 பேருக்கு 96 நிமிடம் ஆகும். நாளுக்கு 8 பேர், 24 நிமிடம் என்று பிரித்தால் நான்கு நாளில் முடியும். அந்த நேரம் மற்றவர்களுக்குப் படம் வரையவோ பார்த்து எழுதவோ கொடுங்கள்.

தமிழுக்கு ஒரே ஒரு தாள் போதும். அதில் ஐந்து அடுக்குகள்:

1. தனி எழுத்துகள்: ப, ம, ட, க, ற
2. அகர எழுத்தும் மெய்யும் மட்டும் வரும் சொற்கள்: படம், மரம், பட்டம், தங்கம்
3. குறியீடுகள் வரும் சொற்கள்: கிளி, மீன், பூனை, மேகம், பொம்மை, சோறு
4. ஒரு வாக்கியம்: ஆடு பெரிய வேலியைத் தாண்டியது.
5. ஐந்து வரிப் பத்தி, கீழே இரண்டு கேள்விகள். ஒன்றுக்கு விடை பத்தியிலேயே இருக்க வேண்டும். மற்றொன்றுக்கு யோசித்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் அடுக்கில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுவார்கள். அதற்குக் காரணம் தமிழ் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். ‘கொ’, ‘கோ’ வந்தால் கொம்பும் காலும் எழுத்தை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். உகரத்துக்கு ஒரே வடிவம் கிடையாது: பு, யு, வு ஒரு வகை, து, நு, று இன்னொரு வகை, கு, டு, மு வேறு. ‘துணைக்கால் போட்டால் ஆ’ என்பதுபோல ஒரே விதியாக இதைச் சொல்லித்தர முடியாது. ஆகவே தாளில் மதிப்பெண் போடாமல், என்ன நடந்தது என்று குறியுங்கள்: ‘கெ, கே மாறுகிறது’, ‘புள்ளியை விடுகிறான்’, ‘முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறாள்’. இந்த மூன்று குழந்தைகளுக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் தேவைப்படும் பயிற்சி மூன்று பேருக்கும் மூன்று.

ஒரு எச்சரிக்கை. பாடநூலில் உள்ள பத்தியை ஐந்தாம் அடுக்காகக் கொடுக்காதீர்கள். கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாடத்தைக் குழந்தை வரி பிசகாமல் ‘வாசிக்கும்’. விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் இரண்டு சொல் தாண்டி இருக்கும். சந்தேகம் வந்தால் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி நாலைந்து சொற்களை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கணக்கில் எண்ணைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை

கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொள்வோம். 4-ஆம் வகுப்பிலும் தொல்லை தரும் பகுதி இது. பல ஆசிரியர்கள் 52 − 27 போன்ற கணக்கைச் சோதனைக்குக் கொடுப்பார்கள். சரியான விடை 25. ‘2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2’ என்று தலைகீழாகக் கழிக்கும் குழந்தை 35 எழுதும். கடன் வாங்கிவிட்டுப் பத்துகளில் ஒன்றைக் குறைக்க மறந்த குழந்தையும் 35-தான் எழுதும். முதல் குழந்தைக்கு இடமதிப்பே புரியவில்லை. இரண்டாவது குழந்தைக்குப் புரிந்திருக்கிறது, கை மறந்துவிட்டது. விடையைப் பார்த்து யார் எது என்று சொல்ல வழியில்லை.

ஒன்றுகள் இடத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருக்கும்போதெல்லாம் இந்தக் குழப்பம் வரும். 53 − 27 கொடுங்கள். சரியான விடை 26, தலைகீழாகக் கழித்தால் 34, குறைக்க மறந்தால் 36. விடையே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். 40 − 17 இன்னும் ஒரு பிழையை வெளியே கொண்டுவரும்: 23 சரி, 37 தலைகீழ், 33 குறைக்க மறந்தது, 30 என்று வந்தால் ‘பூஜ்யத்தில் ஒன்றும் போகாது, பூஜ்யமே’ என்று அந்தக் குழந்தை நினைக்கிறது.

இவற்றோடு கடன் இல்லாத 58 − 23-ஐயும் சேர்த்து மூன்றே கணக்கு. அரைத்தாளில் எழுதி வாங்குங்கள். 32 தாள்களை விடை வாரியாக அடுக்க 10 நிமிடம்கூட ஆகாது, குழு தானாகவே பிரிந்துவிடும்.

ஆசிரியர்கள் பெரிதாகக் கவனிக்காத இன்னொரு இடம் எண்பெயர். இருபது, முப்பது, எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்தவர்களுக்கு அடுத்து ‘தொண்ணூறு’. அதற்குள் ‘நூறு’ ஒலிக்கிறது. ‘தொண்ணூற்று மூன்று’ என்று சொல்லி எழுதவைத்தால் யாருக்குத் தடுமாற்றம் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: குழு பிரிப்பது

மூன்று குழு போதும். நான்காவது குழு உருவானால் அதைக் கவனிக்க ஆசிரியருக்கு நிமிடம் மிஞ்சாது. உதாரணமாக அரும்பு 8, மொட்டு 14, மலர் 10 என்று வைத்துக்கொள்வோம். அரும்பில் 8 பேருக்கு மேல் போனால் அவர்களையே பிழை வாரியாக இரண்டாகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் உட்காருங்கள். 12 பேரைச் சுற்றி உட்காரவைத்தால் அது மறுபடியும் முழு வகுப்புப் பாடம்தான்.

நிலை என்பது திறனுக்கு ஒட்டிய சீட்டு. குழந்தையின் நெற்றியில் ஒட்டக் கூடாது. தமிழ் வாசிப்பில் அரும்பாக இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம். கடையில் நின்று சில்லறை கொடுத்துப் பழகிய பிள்ளைகளிடம் இது அடிக்கடி தெரியும். எனவே தமிழுக்கு ஒரு பட்டியல், கணக்குக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியே வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று கணக்குச் சீட்டையோ ஒரு நிமிட வாசிப்பையோ வைத்துக் குழுவை மாற்றுங்கள். ஜூன் மாதம் போட்ட குழு டிசம்பரிலும் அப்படியே இருந்தால் அது குழு அல்ல, சாதி. பிள்ளைகளுக்கு அது பத்தே நாளில் புரிந்துவிடும்.

‘மெல்லக் கற்போர்’, ‘மக்கு பெஞ்சு’ போன்ற பெயர்கள் வகுப்பில் வாய்தவறியும் வரக் கூடாது. பெற்றோரிடம் பேசும்போதும் ‘உங்க பையன் அரும்புல இருக்கான்’ என்று சொல்லாமல், ‘கொம்பு எழுத்து இன்னும் பழகணும், வீட்டுல ராத்திரி அஞ்சு வார்த்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க’ என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் கேட்க முடியும்.

மூன்றாம் படி: 40 நிமிடத்தைப் பங்கிடுவது

முதல் 8 நிமிடம் முழு வகுப்பு. இன்றைய இலக்கைச் சொல்லி, ஒரு கணக்கை எல்லார் முன்னும் செய்துகாட்டுங்கள். அடுத்த 12 நிமிடம் ஆசிரியர் அரும்புக் குழுவோடு. அதற்கடுத்த 12 நிமிடம் திங்கள், புதன், வெள்ளியில் மொட்டுக் குழுவோடு. செவ்வாய், வியாழனில் மலர்க் குழுவோடு. கடைசி 8 நிமிடம் மீண்டும் முழு வகுப்பு, அதில் அன்று கற்றதைச் சிறு சீட்டில் எழுதி வாங்குவதும் அடக்கம். வாரக் கணக்கில் அரும்புக்கு 60 நிமிடம், மொட்டுக்கு 36, மலருக்கு 24. சமமாக இல்லை. இருக்கவும் வேண்டாம். ஆனால் எந்தக் குழுவுக்கும் பூஜ்யம் வரக் கூடாது. ‘அவங்க தானாப் படிச்சுக்குவாங்க’ என்று மலர்க் குழுவை வாரம் முழுக்க விட்டுவிடுவதுதான் இந்த முறையில் அதிகம் நடக்கும் தவறு.

ஆசிரியர் எந்தக் குழுவோடு உட்கார்ந்தாலும் முதுகு சுவர்ப் பக்கமும் முகம் வகுப்பின் பக்கமும் இருக்கட்டும். மற்ற பிள்ளைகளின் கையும் தெரியும். பாதிச் சத்தம் அதிலேயே அடங்கும். மீதிச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் குறும்பு அல்ல, ‘அடுத்து என்ன செய்யறது டீச்சர்?’ என்ற கேள்விதான். ஒவ்வொரு குழுவுக்கும் இப்போது செய்ய வேண்டியது, முடித்த பிறகு செய்ய வேண்டியது என இரண்டையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். சந்தேகம் உள்ளவர் எழுந்து வராமல், மேசைமேல் ஒரு சிவப்பு பாட்டில் மூடியை வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். குழு மாறும்போது ஆசிரியர் மூடி இருக்கும் இடங்களை மட்டும் ஒரு சுற்றுப் பார்த்தால் போதும்.

ஈராசிரியர் பள்ளியில் 3, 4, 5-ஆம் வகுப்புகள் ஒரே அறையில் இருந்தால், இந்த ஒரு பாடவேளைக்கு மட்டும் வகுப்பை மறந்துவிட்டு மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் நிலைவாரியாகச் சேர்க்கலாம். ஐந்தாம் வகுப்புப் பெரிய பையனை மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நடுவே தனியாக உட்காரவைக்காதீர்கள். அவன் வயதில் இன்னொருவராவது கூட இருக்கட்டும்.

நான்காம் படி: ஒரே பாடத்தை மூன்றாக அமைப்பது

இலக்கு: இரண்டிலக்க எண்களில் கடன் வாங்கிக் கழித்தல்.

அரும்புக் குழுவுக்கு ஈர்க்குச்சி. விளக்கமாற்றுக் குச்சியை விரல் நீளத்துக்கு வெட்டி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். இருவருக்கு ஒரு செட், செட்டுக்கு 60 குச்சி, 8 பேருக்கு 240. தீக்குச்சி வேண்டாம், மருந்து முனை வகுப்பறைக்கு ஆகாது. 53 என்றால் 5 கட்டு, 3 உதிரி. 27 எடுக்க வேண்டும், உதிரியில் 7 இல்லை. இங்கே கட்டை அவிழ்ப்பது குழந்தையின் கையாக இருக்க வேண்டும். ஆசிரியர் அவிழ்த்துக் காட்டிவிட்டால் பாடம் முடிந்தது போலத் தோன்றும், ஆனால் நாளைக்கு அதே பிழை வரும். அவிழ்த்ததும் 4 கட்டு, 13 உதிரி. ‘மொத்தம் இப்பவும் 53 தானா?’ என்று கேளுங்கள். எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் இன்னும் குச்சி தேவை. எண்ணாமல் ‘ஆமா’ என்றால் அடுத்த படிக்குத் தயார். பிறகு குச்சியால் செய்வதையும் நோட்டில் எழுதுவதையும் ஒவ்வொரு அடியாகச் சேர்த்துச் செய்ய வேண்டும்: கட்டு அவிழ்ந்த அதே கணத்தில் 5-ஐ அடித்து 4 எழுத வேண்டும். முழுதும் குச்சியில் முடித்துவிட்டுப் பிறகு எழுதச் சொன்னால் இரண்டும் தொடர்பில்லாத இரு வேலைகளாகிவிடும்.

மொட்டுக் குழுவுக்குக் கட்டம். பத்துகள், ஒன்றுகள் என்று இரண்டு நிரல், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு காலிச் சதுரம். கடன் வாங்கினால் புதிய எண் அந்தச் சதுரத்தில். குறைக்க மறப்பவர்களுக்கு இதுவே மருந்து, ஏனென்றால் காலிச் சதுரம் கண்ணில் உறுத்தும். எட்டுக் கணக்கு போதும். முதல் மூன்றில் கட்டமும் சதுரமும், அடுத்த மூன்றில் கட்டம் மட்டும், கடைசி இரண்டில் எதுவும் இல்லை. ஊன்றுகோலை எடுக்கும் நாளையும் தாளிலேயே எழுதிவைத்தால்தான் அது எடுக்கப்படும். 64 − 28, 71 − 34 போன்றவற்றைக் கலந்து கொடுங்கள். கடன் தேவைப்படாத ஒன்றிரண்டையும் நடுவே செருகுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்குவார்கள்.

மலர்க் குழுவுக்கு இன்னும் இருபது கணக்கு கொடுப்பது தண்டனை. சீக்கிரம் முடித்தால் மேலும் வேலை என்று தெரிந்துகொண்ட பிள்ளை மெதுவாகச் செய்யப் பழகிவிடும். அதே இலக்கில் ஆழமாகப் போகவையுங்கள்: ‘மூவர் 53 − 27 செய்தார்கள். விடைகள் 26, 34, 36. தவறிய இருவரும் என்ன நினைத்திருப்பார்கள்?’ அல்லது, கடன் வாங்கிக் கழித்தால் விடை 26 வருமாறு ஐந்து கணக்கு உருவாக்கச் சொல்லுங்கள். அல்லது, 52 − 27-இல் இருவேறு பிழைக்கும் ஒரே விடை ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மலர்ப் பிள்ளையை நிரந்தரக் குட்டி டீச்சராக ஆக்குவது தமிழ்நாட்டு வகுப்புகளில் பழைய வழக்கம். வாரத்தில் ஒருநாள் 10 நிமிடம் நல்லது, சொல்லிக்கொடுப்பவருக்கும் தெளிவு கூடும். தினமும் என்றால் அந்தக் குழந்தையின் கற்றல் நின்றுபோகும். அவர் விடையைச் சொல்லிவிடுவார், பக்கத்திலுள்ளவர் அதை எழுதிக்கொள்வார், பார்க்க மட்டும் அழகாக இருக்கும்.

சூழ்நிலையியல் போன்ற பாடத்தில் வேறுபாடு வேறுவிதம். இலக்கு ‘தாவரத்தின் பாகங்களும் வேலைகளும்’ என்றால் எழுதத் தடுமாறும் பிள்ளை செடியைக் கையில் வைத்துச் சொல்லலாம், படத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டலாம். இலக்கு வாசிப்பாக இருக்கும்போது பத்தியை வாசித்துக் காட்டிவிட்டால் இலக்கே போய்விடும். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று தடுமாறும்போது ‘இன்று நான் அளப்பது எதை?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு மொழி வேறாக உள்ள பிள்ளைகள்

திருப்பூரிலும் சென்னையைச் சுற்றியும் இந்தி, ஒடியா, வங்காளி பேசும் பிள்ளைகள் பல அரசுப் பள்ளிகளில் இருக்கிறார்கள். தமிழ் தெரியாததைக் கணக்கு தெரியாததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணை எழுதிக் காட்டி விடையை எழுதி வாங்கினால் மொழி குறுக்கே வராது. இந்தி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு உயிர்க்குறியீடு புதிதல்ல. இகரக் குறியை எழுத்துக்கு இடப்புறம் போட்டுப் பழகியிருப்பார்கள், ஆகவே கொம்பை விளக்குவது எளிது. சிக்கல் வேறு இடத்தில். இந்தியில் குறில் எகர ஒகரத்துக்குத் தனி எழுத்து வழக்கில் இல்லை. எனவே எ/ஏ, ஒ/ஓ பேதம் காதில் விழாது. ‘செடி, சேறு’, ‘கொடி, கோடு’ என்று இணையாகச் சொல்லி, கேட்டுப் பிரிக்கும் விளையாட்டை முதலில் கொடுத்துவிட்டு எழுத்துக்கு வாருங்கள். அங்கே க, ஹ, ga ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. இங்கே ‘பக்கம்’, ‘பங்கு’, ‘மகன்’ மூன்றிலும் ஒரே க. இதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் கேட்டே பழகியதால் நமக்கு இது விதியாகவே தெரிவதில்லை.

பார்வை, செவி, வாசிப்புக் குறைபாடு

வரி மாற்றி எழுதும், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையை முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். குறைபார்வை இருந்தால் பயிற்சித்தாளை 18 முதல் 24 புள்ளி (point) எழுத்தளவில் அச்சிடுங்கள், அலங்கார எழுத்துரு வேண்டாம். கரும்பலகை பளபளக்கும் கோணத்தில் உட்காரவைக்க வேண்டாம். எழுதுவதை வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்.

செவிக்கருவி அணிந்த பிள்ளை ஆசிரியருக்கு ஓரிரு மீட்டர் தூரத்தில், மின்விசிறிக்கும் தெருப்பக்கச் சன்னலுக்கும் விலகி இருக்கட்டும். ஆசிரியர் சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகி உதட்டசைவு தெரியாது. கரும்பலகையைப் பார்த்தபடி பேசும் பழக்கத்தை விட வேண்டும். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் தலையாட்டுவார்கள். ‘இப்ப என்ன செய்யணும்?’ என்று கேளுங்கள்.

வாசிப்புக் குறைபாடு தமிழில் எளிதில் கண்ணில் படாது. எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு பெரும்பாலும் நேராக இருப்பதால் அந்தக் குழந்தை தவறாக வாசிப்பதைவிட மிக மெதுவாக, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கும். சொல் முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். வாயால் கேட்டால் தெளிவாகப் பதில் வரும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகும் குறையாவிட்டால், ‘சோம்பேறி’ என்று எழுதிவிடாமல் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் கொண்டுசெல்லுங்கள். போகும்போது அந்த 3 நிமிட வாசிப்புத் தாள்களைத் தேதி வாரியாக எடுத்துப் போனால் அவர்களுக்குப் பேருதவி. அதுவரை வகுப்பில் செய்யக் கூடியவை: வரிக்குக் கீழே அட்டை வைத்து வாசித்தல், சொல்லை அசையாகக் கோடிட்டுப் பிரித்தல், கரும்பலகையைப் பார்த்து எழுதும் அளவைப் பாதியாக்குதல், எல்லார் முன்னும் எழுப்பி வாசிக்கவைக்காதிருத்தல்.

வாசிப்புக் குறைபாட்டையும் உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ (Specific Learning Disability) என்பதும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது அதற்கு அலைவதுதான் வழக்கமாக நடக்கிறது. சொல்வதை எழுதுபவரோடு தேர்வெழுதுவதும் பழக்கத்தால் வரும் திறமை. வாய்விட்டு விடையை அடுக்கிச் சொல்லத் தெரிய வேண்டும், எழுதியதைத் திரும்பக் கேட்டுத் திருத்தத் தெரிய வேண்டும். நான்காம் வகுப்பு வளரறி மதிப்பீட்டிலிருந்தே (பாடம் நடக்கும்போதே இடையிடையே செய்யும் மதிப்பீடு) மாதம் ஒருமுறை 20 நிமிடம் அந்தப் பயிற்சியைக் கொடுக்கத் தொடங்கலாம்.